விலாக்குழி சொன்னதும் சொல்வதும்

இருமலோடு வந்த குழந்தைக்கு நிமோனியாவா என்று அறிய ஒரு காலத்தில் ஸ்டெதஸ்கோப் வேண்டும். அதில் கேட்பதைப் பிரித்தறியப் பழகிய காதும் வேண்டும். எக்ஸ்ரே இருந்தால் உறுதி. இவை எட்டாத ஊர்களில்தான் குழந்தைகள் அதிகம் இறந்தார்கள்.

பப்புவா நியூ கினியின் மலையூரான கொரோகாவில் பணியாற்றிய ஃபிராங்க் ஷானும் உடனிருந்தோரும் 1984-இல் காதின் வேலையைக் கண்ணுக்கு மாற்றினார்கள். நிமிடத்துக்கு 50-க்கு மேல் மூச்சு ஓடினால் மருந்து. விலா உள்வாங்கினால் மருத்துவமனை. 1988-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் ஆய்வு அந்த எண்ணை வயதுவாரியாகப் பிரித்தது: ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 40. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவிலும் இந்த இரண்டு எண்களும் இருக்கின்றன. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு மட்டும் 60.

பார்க்கும் முறையும் மாறவில்லை. குழந்தை அழாமல் தாயின் மடியில் இருக்கவேண்டும். சட்டையைத் தூக்கிவிட்டு முழுதாக ஒரு நிமிடம் எண்ணவேண்டும். சிசுவின் மூச்சு சீராக ஓடாது என்பதால் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தப்பும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரியாமல் அடிவிலா உள்ளே போனால், அதுதான் தாய்மார் "குழி விழுது" என்று சொல்வது.

மாறியது அந்தக் குழியின் பொருள். அன்று குழி விழுந்தால் கடும் நிமோனியா: படுக்கை, ஊசி, மற்ற பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டுத் தாயும் உடன் தங்குவது. வீட்டில் கொடுக்கும் வாய்வழி மருந்தும் ஊசிக்கு ஈடாக வேலை செய்வதைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2008-இல் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட திருத்தத்தின்படி, வேறு அபாயக் குறி இல்லாவிட்டால் குழி விழும் குழந்தைக்கும் அமாக்சிசிலின் போதும்: கிலோவுக்கு 40 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, ஐந்து நாள். பால் குடிக்க முடியாமை, வலிப்பு, மயக்கம் போன்றவையே இன்று 'கடும்' என்ற சொல்லுக்கு உரியவை.

ஊசியும் பஸ் செலவும் மிச்சம். ஆனால், அன்று இரவெல்லாம் விழித்துப் பார்த்தவர் செவிலியர். இன்று அந்த விழிப்பு தாயுடையது.

கண்ணுக்குத் தெரியாத ஆக்சிஜன் குறைவை இப்போது பல்ஸ் ஆக்சிமீட்டர் சொல்கிறது. 90-க்குக் கீழே போனால் மருத்துவமனைதான். ஆனாலும் சட்டையைத் தூக்காமல் முடிவதில்லை. கருவி 96 காட்டும் குழந்தைக்கும் குழி விழும்.