தாளந் தப்பிய இதயமும் தளராத வாழ்வும்

திருகோணமலைத் துறைமுகத்துள் நுழையும் பெருங்கப்பலை வழிநடத்துபவர் ஒருவரே. அவர் ஆணைக்கு இழுவைப் படகுகளெல்லாம் இணங்கி இயங்குகின்றன. பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஆணையிட்டால் கப்பல் செவ்வனே கரைசேருமா? மனித இதயமும் இத்தகையதே.

இதயத்தின் வலது சோணையில் சிறியதொரு கணு உண்டு. அங்கிருந்து எழும் மின்துடிப்பே இதயம் முழுவதையும் ஒரு சீராக இயக்குகின்றது. முதுமையில், சிறப்பாக நெடுங்கால இரத்த அழுத்தமும் மிகுந்த மதுப் பழக்கமும் உடையோரிடத்து, சோணைகளின் பல இடங்களிலிருந்து தாறுமாறான துடிப்புகள் எழுவதுண்டு. அப்போது சோணை முறையாகச் சுருங்காது வெறுமனே நடுங்குகின்றது. இதனை மருத்துவர் சோணை நார்நடுக்கம் என்பர். மேலைநாட்டுக் கணிப்புகளின்படி, எண்பது வயதைக் கடந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நிலை உண்டு.

சிலருக்குப் படபடப்பும் இளைப்பும் தோன்றும். சிலருக்கு எவ்வித அறிகுறியும் தோன்றாது. ஆயினும் பெரும் அபாயம் துடிப்பின் தடுமாற்றத்தில் மட்டும் இல்லை. அலையடிக்காத சிறு குடாவில் வண்டல் படிவது போல, நடுங்கும் சோணையின் மூலையில் தேங்கிய குருதி உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி மூளைக்குச் சென்று குழாயை அடைத்தால் பாரிசவாதம் நேரும். அமெரிக்காவில் 1948ஆம் ஆண்டு தொடங்கிய பிரேமிங்காம் ஆய்வு, இந்நோயாளருக்குப் பாரிசவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று காட்டிற்று.

இதனை ஐயுறுவதற்கு மூன்று விரல்களே போதும். பெருவிரலின் அடியில், மணிக்கட்டில் விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுதல் வேண்டும். ஓய்வில் இருக்கும்போது அறுபது முதல் நூறு வரை சீராகத் துடிப்பது இயல்பு. துடிப்பு ஒழுங்கின்றி விட்டுவிட்டு வருமாயின் மருத்துவரை நாடி, ஈ.சி.ஜி. எடுத்து உறுதிசெய்தல் நன்று.

குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளுள் வாபரின் பழமையானது. கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் குருதிப் பெருக்கால் மடிந்ததை ஆராய்ந்ததன் பயனாகவே இது பிறந்தது. 1948இல் எலி நஞ்சாக வழங்கிய இதனை 1954இல் மனிதர்க்கும் மருந்தாக ஏற்றனர். இவ்வரலாற்றைக் கேட்டு அஞ்சி மருந்தை நிறுத்துவது பேதைமை. அளவறிந்து உண்ணின் பாரிசவாத அபாயத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இது குறைக்கின்றது. பொதுவாக ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனையின் அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்றல் வேண்டும். அபிக்சபான் முதலிய புதிய மருந்துகளுக்கு இச்சோதனை தேவையில்லை. ஆயினும் சிறுநீரகத்தின் நிலையை அவ்வப்போது அறிதல் அவசியம்.

வாபரின் உண்போர் முருங்கையிலையையும் வல்லாரையையும் அறவே விலக்க வேண்டியதில்லை. ஒருநாள் மிகுத்து மறுநாள் ஒழிக்காமல் ஒரே அளவாக உண்டால் போதும். மருத்துவரைக் கேளாமல் நோவுக் குளிகையோ நாட்டு மருந்தோ சேர்த்தல் ஆகாது. கடலோர மக்கள் விரும்பும் கருவாட்டின் உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஆதலின் அதனைச் சுருக்குதல் நலம்.

நோய் கண்டவர் மூலையில் முடங்க வேண்டியதில்லை. மருத்துவர் இசைந்தால், மாலையில் கடற்கரையின் சமதரையில் நடந்து பழகலாம். உடல் இடங்கொடுத்தபின் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையிலும் மெல்லச் செல்லலாம். நடக்கையில் மூச்சு வாங்காது உரையாட முடிவதே தக்க வேகத்தின் அடையாளம்.

முகம் ஒருபுறம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு கணமும் தாழ்த்தலாகாது. கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துள் கொடுத்தல் வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின், பாதை வரும்வரை கரையில் காத்துநின்ற நிலை அவ்வூரார்க்கு நீங்கிற்று. இலவச அம்புலன்சை 1990 என்னும் எண்ணில் அழைக்கலாம். வழி குறுகினாலும், விடியட்டும் என்று வீட்டிலே காத்திருந்தால் பயனில்லை. இதனை நோயாளர் மட்டுமன்றி அவர்தம் வீட்டாரும் அறிந்திருத்தல் வேண்டும். பாரிசவாதம் வந்த வேளையில் நோயாளரால் வாய்திறந்து அழைக்க இயலாமற் போகலாம்.