சோளமாவின் பதம்: உரமும் மழையும்

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அது இழுபடும் தன்மையைப் பெறுகின்றது. மாவிலுள்ள புரதங்கள் நீருடன் கூடிக் குளூட்டன் என்னும் மீள்திறனுள்ள பொருளாக அமைவதே இதற்குக் காரணமாகும். ஆகவே, கோதுமைப் பயிருக்குத் தழைச்சத்து உரத்தைத் தக்க தருணத்தில் இட்டால், மணியில் புரதம் மிகுந்து, மாவின் தரமும் பெரும்பாலும் உயருகின்றது. ஐதராபாத்தைச் சூழ்ந்த தக்காணச் சிற்றூர்களிலோ, நெடுங்காலமாக உண்ணப்பட்டு வருவது சோள ரொட்டியாகும். கோதுமைக்குரிய விதி சோளத்திற்கும் பொருந்துமா என்பதை இங்கு ஆராய்வோம்.

சோளத்தில் குளூட்டன் உண்டாவதில்லை. அதன் புரதத்தில் பெரும்பகுதி கஃபிரின் என்னும் வகையைச் சேர்ந்தது. அது மாவைப் பிணைக்க உதவுவதில்லை. இதனாலேயே சோளமாவைக் கொதிநீர் விட்டுப் பிசைகின்றனர். சூட்டினால் மாப்பொருளின் ஒரு பகுதி பசையாகி மாவைச் சேர்த்து நிறுத்துகின்றது. ஐதராபாத்தை அடுத்த பட்டாஞ்சேருவில் 1972-ல் நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தில் பல இரகங்களின் மாவும் ரொட்டியும் சோதிக்கப்பட்டன. மணி மிகவும் மென்மையாயின் மாவு நன்கு சேராது. மெழுகு வகையாயின் கையில் ஒட்டும். இடைப்பட்ட கடினமுள்ள மணியே ஏற்றது எனக் காணப்பட்டது.

தழைச்சத்து உரத்தினால் சோளத்தின் விளைச்சல் பெருகும்; புரதமும் ஓரளவு கூடும். ஆனால், அங்ஙனம் கூடுவது பெரும்பாலும் லைசின் குறைந்த கஃபிரினே. எனவே, உரத்தைக் கூட்டுவதனால் மட்டும் மாவின் பதமோ ஊட்டத்தின் தரமோ அதே அளவில் உயர்ந்துவிடாது.

வானிலையின் செயல் இதனினும் வலிது. ரபி பருவச் சோளம் கரிசல் மண்ணில் தங்கிய ஈரத்தைக்கொண்டு வளர்ந்து, வறண்ட நாட்களில் முற்றுகின்றது. மால்தண்டி எனப்படும் எம் 35-1 இரகத்தின் பளபளப்பான மணிகள் ரொட்டிக்குப் பெயர்பெற்றவை. கரீப் பருவத்தின் நிலை வேறு. பழைய நாட்டுச் சோளங்கள் பல, மழை ஓய்ந்த பின்னரே முற்றுவன. 1964-ல் வெளியிடப்பட்ட சி.எஸ்.எச். 1 முதலிய குறுகிய வயதுடைய வீரிய ஒட்டு இரகங்கள் மிகுந்த விளைச்சல் தந்தன. எனினும், மழை நீடித்த ஆண்டுகளில் அவற்றின் கதிர்கள் மழையிலேயே முற்ற நேர்ந்தது. நனைந்த கதிரில் பியூசேரியம், கர்வுலேரியா முதலிய பூசணங்கள் படர்கின்றன. மணி நிறம் மாறி மென்மையாகின்றது. சில வேளைகளில் கதிரிலேயே முளைவிடுகின்றது. முளைக்கும் மணியில் பெருகும் அமைலேஸ் என்னும் நொதி மாப்பொருளைச் சிதைப்பதால், மாவின் பிணைப்புத் தளர்கின்றது. சந்தையில் விலையும் வீழ்கின்றது.

தீங்கு இத்துடன் நிற்பதில்லை. 1995-ல், பருவம் தவறிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் உண்ட தக்காணச் சிற்றூர் மக்கள் சிலர் வயிற்றுவலியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்றனர். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் இதனை ஆராய்ந்தனர். பியூசேரியம் பூசணம் உண்டாக்கும் பியூமோனிசின் என்னும் நச்சுப்பொருள் அத்தானியத்தில் இருந்தமை தெரியவந்தது. கறுத்த தானியம் மலிவானது. ஏழையின் அடுப்பங்கரைக்கே அது முதலில் சென்று சேர்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

களப்பணியாளர் விவசாயிகளுக்கு உணர்த்த வேண்டுவது இதுவே: மணியின் அடிப்புறத்தில் கரும்புள்ளி தோன்றினால் மணி முதிர்ந்துவிட்டது, அதன் பின்னர் அதன் எடை கூடுவதில்லை. மழைக்குறி இருப்பின் அப்போதே கதிரை அறுத்து, ஈரம் சுமார் 12 விழுக்காட்டிற்கு இறங்கும் வரை உலர்த்துதல் வேண்டும். பூசணம் கண்ட மணிகளை உணவுக்குச் சேர்த்தலாகாது.

ஆசிரியர்கள் நல்ல சோளமாவை இரு பங்காக்கி, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றைக் கொதிநீரிலும் பிசைந்து தட்டிக் காட்டலாம். முன்னது விரிசல் காணும்; பின்னது விரியும். மாவைப் பிணைப்பது மாப்பொருளே என்பதையும், அதை மழையினின்று காப்பதன் அவசியத்தையும் மாணவர் இதனால் எளிதில் உணர்வர்.