கழற்றிப் பூட்டப் பிறந்த வண்டி

திருமானூர் வட்டாரத்தில் காலையில் கிளம்பி மாலைக்குள் மூன்று வகை மண்ணைப் பார்த்துவிடலாம். கொள்ளிடக் கரையில் மணலும் வண்டலும். கீழப்பழுவூர் தாண்டி அரியலூரை நெருங்க நெருங்கக் கரிசல். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகளின் தடத்தில் மாவு போன்ற வெள்ளைத் தூசி. மணல் சக்கரத்தைப் புதைக்கும், நனைந்த கரிசல் சக்கரத்தைச் சுற்றி அப்பிக்கொள்ளும், தூசி இன்ஜினுக்குள் புகுந்து அரிக்கும். இந்த மூன்றையும் சமாளித்து ஓடியதால்தான் ஜீப் இந்தப் பக்கத்தில் இத்தனை காலம் நிலைத்தது.

அது முதலில் வந்தது அரசாங்க வண்டியாக. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது வட்டாரத்துக்கு ஒரு ஜீப் என்பது அந்தத் திட்டத்தின் ஏற்பாடுகளிலேயே இருந்தது. பிற்பாடு ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. 'பிடிஓ ஆபீஸ் ஜீப்' ஊர்க்காரர்களுக்குப் பழகிய காட்சி ஆனது. ஓடித் தேய்ந்ததும் அந்த ஜீப்பைக் 'கண்டம்' செய்து ஏலம் விடுவார்கள். எடுக்கிறவர் பெரும்பாலும் விவசாயி, இல்லையென்றால் பட்டறைக்காரர். அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து ஆண்டு கடந்த மத்திய, மாநில அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது; அவை பதிவு பெற்ற உடைப்பு மையங்களுக்குத்தான் போக வேண்டும். ஆகவே அதற்கு முன்பே தனியார் கைக்கு வந்து, களத்துமேட்டிலும் மாட்டுக்கொட்டகையிலும் நிற்கிற ஜீப்புகள்தான் மிச்சம். அவற்றில் ஒன்றை வீட்டு வாசலிலேயே மறுபடி ஓட வைக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரணம் அந்த வண்டி பிறந்த விதம்.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் எடை குறைந்த நான்கு சக்கர இழுவை வண்டி ஒன்றைக் கேட்டு 135 நிறுவனங்களுக்கு எழுதியது. மாதிரி வண்டியைத் தர 49 நாள் கெடு. பென்சில்வேனியாவின் பட்லர் நகரிலிருந்த பான்டம் என்ற சிறு நிறுவனம், கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்து வரைபடம் போட்டு, செப்டம்பர் 23-இல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. வில்லிஸ் நிறுவனத்தின் 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் இன்ஜின் மற்றவர்களுடையதைவிட வலுவாக இருந்ததால் பெரும் ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. அதே வண்டியை ஃபோர்டும் செய்தது. போர் முடிவதற்குள் இரு நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. போர்முனையில் சேற்றில் படுத்துக்கொண்டு ஒரு சிப்பாய் கைக்கருவிகளால் பிரிக்க வேண்டும், உடைந்த ஒன்றிலிருந்து கழற்றி ஓடுகிற ஒன்றில் மாட்ட வேண்டும். அதற்காகவே எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஸ்பேனர் எட்டுகிற மாதிரி அமைந்தது.

சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில் மகிந்திரா நிறுவனம் மும்பை மஸகானில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் 1953-இல் வந்து 1968-இல் நின்றுபோன சிஜே-3பி என்ற வில்லிஸ் மாடல், இங்கே அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தயாரானது. முன்மூடி உயர்ந்து நிற்கும் அந்த முகம் அழகுக்காக வந்ததல்ல. அதன் 'ஹரிகேன்' இன்ஜினில் காற்று நுழையும் வால்வு சிலிண்டருக்கு மேலே இருந்தது. இன்ஜின் உயர்ந்தது, மூடியும் உயர்ந்தது. 1980-களில் எம்எம்540 போன்ற வண்டிகளில் பியூஜோ உரிமத்தில் செய்த 2,112 சிசி டீசல் இன்ஜின் ஏறியது. இதனால் வீட்டுப் பட்டறைக்காரருக்கு ஒரு வேலை கூடுதல்: வண்டியின் உடம்பு அமெரிக்க இஞ்சு அளவு, இன்ஜின் பிரெஞ்சு மில்லிமீட்டர் அளவு. இரண்டு ஸ்பேனர் செட்டும் வேண்டும். இஞ்சு போல்ட்டில் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முனை மழுங்கடித்த போல்ட்டுகளைப் பழைய ஜீப் ஒவ்வொன்றிலும் பார்க்கலாம்.

ஜீப்பின் சாமர்த்தியம் முழுவதும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்பர் கேஸில் இருக்கிறது. தரையிலிருந்து எழும் இரண்டு குட்டிக் கம்பிகளில் ஒன்று முன் ஆக்சிலுக்கும் விசையை அனுப்பும். மற்றது வேகத்தை இன்னும் குறைத்து இழுவையைக் கூட்டும். சிஜே-3பி கணக்கைப் பாருங்கள்: முதல் கியரில் 2.8, டிரான்ஸ்பர் கேஸில் 2.46, ஆக்சிலில் 5.38. பெருக்கினால் சுமார் 37. அதாவது இன்ஜின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று ஓடும்போது வண்டி மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் போகும். அது மனிதன் மெல்ல நடக்கிற வேகம். ஆனால் இழுவை 37 மடங்குக்கு அருகில். முன் ஆக்சிலைச் சேர்க்காமல் இந்தத் தாழ்நிலைக்குப் போக முடியாதபடி உள்ளே ஒரு தடுப்பு உண்டு. அத்தனை இழுவையையும் பின் ஆக்சில் தனியாகத் தாங்காது என்பதுதான் காரணம். அதேபோல் காய்ந்த தார்ச்சாலையில் முன் ஆக்சிலைச் சேர்த்து ஓட்டக் கூடாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் போகின்றன. மண்ணில் சக்கரம் சறுக்கி அந்த வித்தியாசத்தைக் கரைத்துவிடும். தாரில் சறுக்க இடமில்லாததால் முறுக்கம் பற்களில் ஏறி நிற்கும்.

வாங்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். சேசிஸின் அடியில் படுத்து, நீளக் கட்டைகள் முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இடம் மொத்தென்று அடங்கும். பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள் பிடிக்கும் இடங்களில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். சேசிஸ் எண் தெளிவாக, ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்து இருக்க வேண்டும். ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில் மண்டி டப்வாலி என்ற ஊர் ஜீப் கட்டுவதற்கே பேர்போனது. அங்கே பாடியைப் புதிதாக அடித்துக் கொடுப்பார்கள். வேலை நன்றாகவே இருக்கும்; ஆனால் கண்ணைப் பறிக்கிற அந்த வண்டியின் காகிதம் எந்த வண்டியுடையது என்பதை விசாரித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பலரும் மீட்பு வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் மாதமே பெயின்ட், பெரிய டயர், முன்னால் ஒரு கனத்த பம்பர் என்று காசு போய்விடுகிறது. பிரேக்குக்கு வரும்போது கை காலி. முதலில் பிரேக், பிறகு ஸ்டியரிங், அப்புறம் இன்ஜின், கடைசியில் பாடி என்பதே சரியான வரிசை. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. எங்கோ ஒரு குழாய் பிளந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. ஆகவே பைப், ஹோஸ், வீல் சிலிண்டர் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுக்க இறக்கி மாற்றுவது நல்லது.

ஹேண்ட் பிரேக் விஷயத்தில் உயிரே அடங்கியிருக்கிறது. வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை; டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் இருக்கும் சிறு டிரம்மைப் பிடித்து, புரப்பல்லர் ஷாஃப்டை நிறுத்துகிறது. நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை சரி. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய நொடியில், ஷாஃப்ட் நின்றிருந்தாலும் டிபரன்சியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையிலுள்ள சக்கரம் மறுபக்கமும் சுற்றிவிடும். வண்டி நழுவி ஜாக்கியிலிருந்து இறங்கும். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை போடாமல் பின்பக்கத்தைத் தூக்கவே கூடாது. ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவும் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும்.

பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர் இரண்டு காலமாற்றங்களுக்கு இன்ஜினைத் தயார் செய்ய வேண்டும். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது. 2000-இல் இந்தியா ஈயத்தை நிறுத்திவிட்டது. ஹரிகேனில் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே அமர்கிறது. அங்கே தேய்ந்தால் லேத் பட்டறையில் கெட்டி உலோக இருக்கை வைக்கச் சொல்லலாம். இரண்டாவது எத்தனால். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை அது கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அது உப்பவைத்துக் கெடுக்கும், டேங்கில் ஈரத்தையும் சேர்க்கும். எத்தனால் தாங்கும் ரப்பராக மாற்றிவிட்டு, ஓட்டாமல் நிறுத்தும் மாதங்களில் டேங்கை வடித்துவிடுவது நலம்.

நம் பகுதிக்கென்றே சொல்ல வேண்டியது காற்று வடிகட்டியைப் பற்றி. அரியலூர் சுண்ணாம்புக்கல் கிரிட்டேசியஸ் காலக் கடலின் அடியில் படிந்தது; அதை வெட்டிக் கொண்டுபோகும் சாலையில் தூசி அடங்குவதே இல்லை. பழைய ஜீப்பில் காகித வடிகட்டி கிடையாது, ஆயில் கிண்ணம்தான். உள்ளே வரும் காற்று ஆயில் பரப்பின் மேல் சட்டென்று திரும்பும். காற்று திரும்பிவிடும், கனமான தூசி திரும்ப முடியாமல் ஆயிலில் விழும். எளிமையான, அருமையான ஏற்பாடு. ஆனால் கிண்ணத்தின் அடியில் களி தங்கிவிட்டால் வேலை செய்யாது. கோடையில் இந்தச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு வாரம் ஒரு முறை கிண்ணத்தைக் கழற்றிப் பார்ப்பது அதிகமில்லை. ஷேக்கிள், புரப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ், ஸ்டியரிங் முனைகளிலுள்ள கிரீஸ் நிப்பிள்களுக்கும் அதே கவனம் தேவை. பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடித்தால்தான் தூசியும் வெளியேறும்.

பாடிக்கு வரும்போது பட்டியைக் குறைவாகப் பூசுங்கள். துருவை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டை வெல்டு வைப்பதே மீட்பு. தரைத் தகட்டின் அடியிலுள்ள குறுக்குக் கால்வாய்களை முதலில் பாருங்கள். போர்க்கால ஜீப்புகளில் அவற்றுக்குள் மரக்கட்டை செருகியிருப்பார்கள், அது ஈரம் குடித்து இரும்பைத் தின்றுவிடும். பெயின்ட் முடித்த பிறகு விளக்குகள் மங்கி எரிந்தால் வயரிங்கைச் சந்தேகிக்கும் முன் எர்த்தைப் பாருங்கள். புதுப் பெயின்ட் பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே மின்சாரத்தைத் தடுத்துவிடுகிறது. எர்த் வயர் பிடிக்கும் இடங்களைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தின் மேல் முறுக்க வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. தனியார் வண்டியின் பதிவைப் பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். கார், ஜீப்புக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் இன்னும் ஏறியது. ஐம்பது ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டியைத் தொன்மை வாகனமாக 'விஏ' வரிசையில் பதியவும் 2021 விதிகள் வழி தருகின்றன. ஆனால் அப்படிப் பதிந்ததை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. உழவுக்கும் ஊருக்கும் பயன்படுத்த நினைப்பவர் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபட்ட மாற்றங்கள் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. டிஎன் 61 எண்ணோடு அரியலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எப்.சி.க்கு நிற்கும்போது, அசலாக விட்டுவைத்த ஜீப்புக்குத்தான் சிக்கல் குறைவு.

பாகங்கள் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பெரும்பாலானவை கிடைக்கும். எனக்குக் கவலை தருவது கைத்திறன். முன் ஆக்சிலின் இரு முனையிலும் உருண்டையாக ஒரு நக்கிள் இருக்கிறது. அதற்குள் மேலும் கீழும் கிங் பின் பேரிங். அவற்றின் இறுக்கத்தைத் தீர்மானிப்பவை ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள். ஒரு தகடு கூடிப்போனால் ஆட்டம், வேகத்தில் ஸ்டியரிங்கே உதறும். ஒரு தகடு குறைந்தால் திருப்பவே முடியாது. நக்கிளின் கையில் ஸ்பிரிங் தராசை மாட்டி மெல்ல இழுத்து, எத்தனை இழுவைக்கு அசைகிறது என்று பார்த்துத் தகடு சேர்ப்பார்கள், எடுப்பார்கள். இந்த வேலையைக் கையால் அறிந்த மெக்கானிக்குகள் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களுடைய பட்டறைகளுக்கு வருவதெல்லாம் புது வண்டிகள். ஜீப் வாங்குகிறவர் முன் ஆக்சிலைப் பிரிக்கும் நாளில் அப்படி ஒருவரை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்து, ஒரு பக்கத்தை அவரைச் செய்யச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, மறுபக்கத்தை அவர் பார்க்கத் தானே செய்ய வேண்டும். வீட்டில் பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் தராசைப் பிடிக்கிற வேலையை அவர்களிடம் கொடுங்கள்.