காலில் எடுத்துக் காலிலேயே போடும் நாளம்

"அப்பாவின் கால் நாடி அடைபட்டுவிட்டதாம். அதே காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்துப் பைபாஸ் செய்யப்போகிறார்களாம். அப்படியென்றால் அந்தக் காலுக்குப் போன இரத்தம் எந்த வழியால் திரும்பும்?" என்று படுவான்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுமுன் யாரும் கேட்க வேண்டிய கேள்விதான்.

காலிலிருந்து மேலேறும் இரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு, தசைகளுக்கு நடுவே கிடக்கும் ஆழ்நாளங்கள் வழியாகவே போகிறது. வைத்தியர்கள் எடுப்பது தோலுக்குச் சற்றுக் கீழே, உள்கணுக்காலிலிருந்து தொடையிடுக்கு வரை ஓடும் பெரிய சஃபீனஸ் நாளத்தை. அது போனால் கால் சில வாரங்களோ மாதங்களோ வீங்கியிருக்கலாம். பிறகு ஆழ்நாளங்கள் சமாளித்துக்கொள்ளும்.

இது ஒரு வீட்டுக் கவலை மட்டுமல்ல. 2005–06இல் வடக்கு, கிழக்கு தவிர்ந்த இலங்கையில் நடந்த ஆய்வில், வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ இருந்தது. சீனி வருத்தம் முற்றியவருக்குக் காலில் உணர்ச்சி குறையும். வயலுக்கும் வாவிக்கும் வெறுங்காலோடு இறங்குகிறவருக்குச் சிப்பி கிழித்ததே தெரியாது. நாடியும் அடைபட்டிருந்தால் எந்த மருந்தும் அந்தப் புண்ணைச் சென்றடையாது. விரலில் தொடங்கியது காலைக் கழற்றுவதில் போய் நிற்கும்.

நாளத்தை நாடியாக்குவதில் முதல் சிக்கல் வால்வுகள். வாவியில் வைக்கும் இறால் கூட்டை நினையுங்கள்: வாய்க்குள் புகுந்த இறால் வந்த வழியே திரும்பாது. அதுபோலப் பத்துக் கூடுகளை அடி திறந்து வரிசையாகக் கட்டியதுதான் இந்த நாளம். கணுக்காலில் சின்னக் கூடு, தொடையில் பெரிய கூடு, எல்லா வாயும் கீழ்நோக்கி. இரத்தம் மேலே மட்டுமே போகலாம். நாடிக்கோ இரத்தம் கீழே போக வேண்டும். ஆகவே வரிசையையே தலைகீழாகத் திருப்பித் தைக்கிறார்கள். அப்போது சின்னக் கூடு தொடையின் பெரிய நாடியோடும், பெரிய கூடு கெண்டைக்காலின் மெல்லிய நாடியோடும் பொருந்த வேண்டியிருக்கிறது. இதற்கு மாற்று, வரிசையை இருந்த இடத்திலேயே விட்டு, கொக்கிக் கத்தியை உள்ளே இறக்கிக் கூட்டுவாய்களை மட்டும் அறுத்துவிடுவது. நாளத்தை இடம் மாற்றாமலே பயன்படுத்தும் வழியை 1962இல் காட்டியவர் நோர்வேயின் கார்ல் விக்டர் ஹால்.

வரலாறு சுருக்கமானது. குழாய் தைக்கும் கலைக்காக அலெக்ஸி கரேலுக்கு 1912இல் நோபல் கிடைத்தது. அதன்பின், அடைபட்ட கால் நாடியைச் சுற்றி நாளத்தால் மாற்றுவழி போட 1948வரை, பரிசில் ஜான் குன்லின் அதைச் செய்யும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது தைத்து முடித்த பிறகு நடப்பது. நாளம் பழகிய அழுத்தம் பத்து மில்லிமீற்றர் பாதரசம் அளவு. கவ்வியை எடுத்ததும் நூறு வந்து மோதுகிறது. வெடிக்க வேண்டிய நாளம் வெடிப்பதில்லை. வாரக்கணக்கில் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு நாடிபோல ஆகிறது. உள்சுவரை மூடிய உயிரணுக்கள் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரந்து இரத்தம் உறையாமல் காக்கின்றன. பிளாத்திக்குக் குழாய்க்கு இந்த உயிர் இல்லை. இந்த உயிரணுக்களைக் காக்கத்தான், கசிவு பார்க்க நாளத்துக்குள் உப்புநீரை ஏற்றும்போதுகூடச் சிரிஞ்சை அளவோடு அழுத்துகிறார்கள். கை சற்று மிஞ்சினால் உள்சுவர் உரிந்துவிடும். சுவரின் தடிப்பு எல்லை மீறினால் நாளமே ஒடுங்கிப்போகும். முதல் இரண்டு ஆண்டுகள் ஸ்கேன் கிளினிக்கைத் தவறவிடக்கூடாது என்பது இதனால்தான்.

"வெட்டாமல் கால் காப்போம்" என்ற விளம்பரங்களை நான் நம்புவதில்லை. 2022இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், நல்ல சஃபீனஸ் நாளம் இருந்தவர்களில் பைபாஸ் செய்தவர்களில் 42.6 வீதத்தினர் மரணத்தையோ காலுக்குப் பெரிய பாதிப்பையோ சந்தித்தனர். வெட்டாமல் பலூன், ஸ்டென்ட் வழி போனவர்களில் அது 57.4 வீதம். ஆனால் 2023இல் வந்த பேசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேரிடம் பலூன் முதலில் செய்வதே மேல் என்றது. எல்லாக் காலுக்கும் ஒரே விடை சொல்பவரை நம்ப வேண்டாம். ஆய்வகத்தில் மனித உயிரணுக்களால் வளர்த்த சிம்வெஸ் குழாயைப் பற்றியும் பெரிதாகப் பேசுகிறார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்கா அதை அனுமதித்தது கை, கால் நாடிக் காயங்களுக்கு. அதுவும் நோயாளியின் சொந்த நாளத்தைப் பயன்படுத்த முடியாதபோது மட்டும்.

ஆகவே வாசகியே, ஸ்கேனில் அப்பாவின் நாளத்தை அளந்தார்களா என்று கேளுங்கள். மூன்று மில்லிமீற்றராவது அகலம் வேண்டும். சத்திரசிகிச்சை வரை கணுக்கால் நாளத்தில் சேலைன் ஊசி ஏற்ற விடாதீர்கள். இரு காலிலும் நல்ல நாளம் இல்லாவிட்டால் கை நாளத்தை எடுக்க முடியுமா என்றும் கேட்கலாம். சிறுநீரகம் பழுதாகிவரும் நோயாளி என்றால் மட்டும் அதை டயாலிசிஸுக்காக விட்டுவைப்பார்கள்.