மலையாட்டு வேட்டைத் தோட்டா

மலையாடு என்பது அலாஸ்கா, பிரிட்டிஷ் கொலம்பியா முதலிய வட அமெரிக்கப் பகுதிகளின் செங்குத்துப் பாறைகளில் வாழும் வெண்ணிற விலங்கு ஆகும். இதன் வேட்டைக்குரிய தோட்டாவைத் தெரிவு செய்கையில் விலங்கின் எடையை விட அது நிற்கும் இடமே முதன்மையானது. வளர்ந்த கிடாய் 100 கிலோகிராமைத் தாண்டக்கூடும். தடித்த தோளெலும்பும் திரண்ட தசையும் கொண்ட இவ்வாடு, நுரையீரலில் அடிபட்ட பின்னரும் சில அடிகள் நடந்து பாறை விளிம்பிலிருந்து விழுந்துவிடுவதுண்டு. விழுந்தால் இறைச்சி சிதையும், கொம்பு முறியும். சில வேளைகளில் உடலை எடுக்கவே இயலாது.

எனவே பட்டவுடன் சிதறும் மெல்லிய குண்டு இதற்கு ஏற்றதன்று. தோளெலும்பை உடைத்து உள்ளே ஊடுருவி, ஆட்டை நின்ற இடத்திலேயே வீழ்த்தும் உறுதியான குண்டு வேண்டும். ஜான் நாஸ்லர் 1940களில் உருவாக்கிய பார்ட்டிஷன் குண்டு இவ்வகையில் பெயர்பெற்றது. இதனுள் இருக்கும் ஈயம் ஓர் உலோகச் சுவரால் இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முன்பகுதி விரிந்து தேய்ந்தாலும் பின்பகுதி சிதையாமல் முன்னேறும். முழுவதும் செம்பாலான குண்டுகளும் இன்று பயன்படுகின்றன.

1925இல் அறிமுகமான .270 வின்செஸ்டர் தோட்டாவில் 150 கிரெயின் (ஏறத்தாழ 9.7 கிராம்) குண்டும், .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவில் 180 கிரெயின் (11.7 கிராம்) குண்டும் இதற்குப் போதுமானவை. .300 வின்செஸ்டர் மேக்னம் தொலைவிலும் விசை குன்றாதது. ஆயினும் மலையேறுவோர் சுமக்கும் எடை குறைந்த துப்பாக்கியில் அதன் பின்னுதைப்பு குறியைக் கெடுக்கக்கூடும். எத்தோட்டாவாயினும், ஆடு விளிம்பை விட்டு விலகும் வரை சுடாதிருத்தல் நன்று.