பிச்சாவரத்து வாய்க்கால்கள்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் பிச்சாவரம் சதுப்பு வனத்தைப் படகிலேறிக் காண வருவோர், அதன் பசுமையில் மனம் பறிகொடுத்துத் திரும்புகிறார்களேயன்றி, அப்பசுமையின் ஆயுளை நிர்ணயிக்கிற ஜடப்பொருள்களாகிய சேற்றையும் உப்பையும் கடலேற்றத்தையும் அநேகமாகக் கவனிப்பதில்லை.

சூரிய ஒளியின் துணைகொண்டு, காற்றில் 10,000 பங்குக்கு 4 பங்கு அளவிலேயே உள்ள கரியமிலவாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்து ஆகாரம் சமைப்பதனால் பசுந்தாவரங்களை உற்பத்தியாளர்கள் என்கிறோம். இந்த வனத்து நண்டும் இறாலும் மீனும், மரங்கள் உதிர்த்த இலைகள் மக்கிக் கரைவதைப் பெரிதும் நம்பியே பிழைக்கின்றன.

ஆனால் அந்த உற்பத்தியாளருக்கே இங்கு வாழ்க்கை எளிதன்று. நீர் ஊறிய சேற்றில் மேற்பரப்புக்குக் கீழே பிராணவாயு இல்லாமையால், வெண்கண்டல் மரம் தன் வேர்களிற் சிலவற்றை ஆணிகள் போல் செங்குத்தாக மேலே எழுப்பி, அவற்றின் நுண்துளைகள் வழியே, கடல்நீர் வடிந்திருக்கும் வேளைகளில் சுவாசிக்கிறது. வேர் வழியே ஏறிவிட்ட உப்பை அதன் இலைகள் வெளியேற்றுகின்றன. வெயில் ஏறிய பின் ஓர் இலையைப் பறித்துத் திருப்பிப் பார்த்தால் வெண்மையான பொடி படிந்திருப்பதைக் காணலாம், நாவில் வைத்தால் கரிக்கும். சுரபுன்னையோ உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது.

இத்தனை சாமர்த்தியம் வாய்ந்த மரங்களும் தோற்றுப்போன வரலாறு ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970-களை ஒட்டிய காலம் வரை, வனத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டி வந்தார்கள். நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்து, தொட்டி போலக் குழிந்துவிட, அதனுள் புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, கோடையில் ஆவியாகி, உப்பை மட்டும் மண்ணில் விட்டுச் சென்றது. ஆண்டுதோறும் ஏறிய அந்த உப்பில், உப்புக்குப் பழகிய கண்டலாலும் தலையெடுக்க முடியவில்லை.

மரம் வெட்டப்பட்ட இடத்தில் மரம் நட்டால் போதும் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து இக்காட்டைச் சீர்திருத்தப் புகுந்தபோது, நீருக்கு வழி செய்வதையே மூலாதாரமாகக் கொண்டார்கள் என்பது எனக்குப் பெரும் மதிப்பை உண்டாக்குகிறது. மீன்முள்ளின் அமைப்பில் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, கடலேற்றத்தின்போது நீர் உள்ளே வரவும் வற்றத்தின்போது வெளியேறவும் செய்தார்கள். வந்துபோன நீர் உப்பைக் கழுவிச் சென்றது. அதன் பிறகு ஊன்றிய கன்றுகள் வேர்பிடித்தன.

அந்த வாய்க்கால்கள் தூர்ந்துபோகும் இயல்புடையவை. நடும் கன்றுகளின் எண்ணிக்கையைப் பெருமையோடு பறைசாற்றும் நாம், தூர்வாருவதற்கான கூலியையும் ஆண்டுதோறும் அதே கணக்கில் எழுதிவைத்தாக வேண்டும்.