கரையோரப் பாடசாலைகளைச் சீர்செய்வோர்

மன்னார் மாவட்டக் கல்வி குறித்துப் பேசும்போதெல்லாம் நாம் பரீட்சைப் பெறுபேறுகளையும் கட்டடங்களையுமே கணக்கிட்டுக்கொண்டிருக்கிறோம். பின்தங்கிய பாடசாலையொன்றை உள்ளிருந்து சீர்செய்வதையே தொழிலாகக் கொண்ட ஆசிரிய ஆலோசகரைப் பற்றிப் பேசுவோர் அரிது.

இம்மாவட்டத்தில் அப்பணி ஏன் கடினமானது என்பதற்கு வரலாறே பதில். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்கள் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். 2007இல் முசலியிலும் 2008இல் மாந்தை மேற்கிலும் போர் மூண்டபோது தமிழ்க் குடும்பங்களும் இடம்பெயர்ந்து அலைந்தன. 2009இன் பின்னர் இரு சமூகத்தவரும் மீளத் திரும்பினர். இடையில் படிப்பை இழந்த பிள்ளைகள் பலர் இன்று பெற்றோராகிவிட்டனர். தமது பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்த்து உதவ அவர்களில் பலரால் இயலாது. ஆகவே, வீட்டில் கிடைக்க வேண்டியதையும் பாடசாலையே கொடுக்க வேண்டியிருக்கிறது.

நல்ல ஆலோசகர் பதிவேடுகளைப் புரட்டிக் குறை எழுதிவிட்டுப் போகிறவர் அல்லர். வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து பாடத்தைக் கவனிப்பார். ஐந்தாம் தரத்துப் பிள்ளை இரண்டாம் தர வாசகத்தையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறது என்பதைக் கண்டறிவார். அப்பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது என்பதை ஆசிரியருக்குக் கற்பித்தே காட்டுவார். பிள்ளையின் வரவு குறைந்தால், குடும்பம் மீன்வாடிக்குப் போயிருக்கிறதா என்று விசாரிப்பார். புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடையக்கூடிய சிலரை மட்டும் முன்வரிசையில் இருத்திக் கற்பிக்கும் வழக்கத்தை (இது மன்னாருக்கு மட்டும் உரிய நோயன்று) அவர் கேள்விக்கு உட்படுத்தியாக வேண்டும்.

2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், தனக்குரிய திட்டத்தைப் பெற்றோருடன் சேர்ந்து தானே வகுக்கும் உரிமையைப் பாடசாலைக்கு வழங்கியது. அவ்வுரிமை பயன் தருவதற்குப் பிள்ளைகளின் உண்மை நிலையைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். இல்லையேல் சென்ற ஆண்டுத் திட்டமே புதிய திகதியுடன் மறுபிரதி ஆகும்.

முன்னர் ஆலோசகர் என்பவர் வகுப்பறையிலிருந்து தற்காலிகமாக விடுவிக்கப்பட்ட ஓர் ஆசிரியரே. இப்போது இலங்கை ஆசிரியர் ஆலோசகர் சேவை தனியொரு சேவையாகிவிட்டது. அனுபவமுள்ள ஆசிரியருக்கு இது ஒரு வழி. போட்டிப் பரீட்சை மூலம் அதிபர் சேவைக்கோ கல்வி நிருவாக சேவைக்கோ செல்வது மற்றொரு வழி. ஆனால் புதிதாக நியமனம் பெறுபவர் தொலைவிலிருந்து முசலிக்கு வருகிறார். பிள்ளைகளை அறிந்துகொள்ளும் வேளையில் இடமாற்றம் பெற்றுச் செல்கிறார். மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் போன்ற தூரத்துக் கிராமங்களுக்கு வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஆலோசகர் அடிக்கடி போய்வருவதும் எளிதன்று.

எனவே சிலாவத்துறை, எருக்கலம்பிட்டி, பேசாலை ஆகிய ஊர்களிலிருந்து தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்குச் செல்லும் இளைஞர், யுவதிகளிடமே இத்தொழிலை முதலில் எடுத்துரைக்க வேண்டுமென நாம் கருதுகிறோம். சேவைக்காலம் முடிந்தாலும் ஊரில் தங்கப்போகிறவர்கள் அவர்களே. போக்குவரத்துச் செலவையும் இடமாற்ற விதிகளையும் அவர்களுக்கு ஏற்றவாறு சீர்படுத்துவது மாகாணக் கல்வி அதிகாரிகளின் கையில் இருக்கிறது.